ஹேஷ் மதிப்பு காக்காத இடம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. இது கைப்பேசிக்கும் கண்காணிப்பு கேமராவுக்கும் உரிய விவகாரம் என்று நச்சியல், போதைப்பொருள் பிரிவுகள் ஒதுங்கிவிட முடியாது. ஜி.சி.-எம்.எஸ். கருவி எழுதும் ரா டேட்டாவும் மின்னணுப் பதிவுதான். ரன் முடிந்த அன்றே ஹேஷ் கணக்கிட்டு, டியூன் அறிக்கை, மெத்தட் கோப்பு இரண்டையும் சேர்த்துப் பாதுகாப்பதே முறை.

ஆனால் ஹேஷ் காப்பது கோப்பை மட்டுமே. ஒரு பைட்கூட மாறாத கோப்பிலிருந்து இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு முடிவுகளுக்கு வர முடியும். காரணம், அதைத் திறக்கும் மென்பொருளில் அவரவர் செய்யும் தேர்வுகள்.

உள்ளுறுப்புச் சாற்றில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைத் தேடும் வேலையையே பார்க்கலாம். அதன் ஸ்பெக்ட்ரத்தில் 197, 199 அயனிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்திலும், 201 அதில் மூன்றில் ஒரு பங்கிலும் நிற்க வேண்டும். மூன்று குளோரினுக்கு உரிய அமைப்பு அது. ஒரு குளோரின் போனபின் வரும் 314-க்கு 316 சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கொழுப்பமிலங்கள் கூடவே வெளியேறும்போது பின்னணியைக் கழித்தாக வேண்டும். அதற்கான ஸ்கேனை பீக்கின் சரிவிலேயே எடுத்தால் பூச்சிக்கொல்லியின் அயனிகளும் கழிந்து, சிறிய அயனிகள் காணாமல் போகும். டிகான்வல்யூஷன் மென்பொருளான ஆம்டிஸில் காம்பொனென்ட் விட்த்தையும் சென்சிட்டிவிட்டியையும் மாற்றினால், ஒரே பீக்குக்குள் கிடைக்கும் கூறுகளின் எண்ணிக்கையே மாறக்கூடும். லைப்ரரித் தேடல் தரும் ரிவர்ஸ் மேட்ச் மதிப்பெண், லைப்ரரி ஸ்பெக்ட்ரத்தில் இல்லாத அயனிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இதை அறியாதவருக்கு 999-க்கு 900 என்பது அடையாளம் உறுதியானதற்கான சான்றாகவே தோன்றும். மெத்தாம்பெட்டமினுக்கும் உடல் எடை குறைக்கும் மருந்தான ஃபென்டர்மினுக்கும் மூலக்கூறு நிறை 149, பேஸ் பீக் 58, இரண்டிலும் 91 உண்டு. ரிட்டென்ஷன் டைமையோ டெரிவட்டைசேஷனையோ நாடாமல் லைப்ரரிப் பட்டியலின் முதல் பெயரை எழுதுபவர் ஒருவரின் விடுதலையோடு விளையாடுகிறார்.

இவற்றைக் கற்கும் பயிற்சி எங்கே கிடைக்கிறது? கருவிக்குக் கோடிகளை ஒதுக்கும் அதிகாரிகள், கூடுதல் கணினியில் தரவைப் பார்க்கும் உரிமத்தை டெண்டரில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கருவியை நிறுவ வரும் பொறியாளர் செய்து காட்டுவதே பயிற்சி என்று கணக்கு முடிகிறது. புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு ரன்களுக்கு நடுவே கணினி காலியாகும்வரை காத்திருந்து பழக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வகைசெய்கிறது. அதனால் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகள் கூடும். அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்கலாம். தவறான கழித்தல் ஒன்று எவர் கண்ணிலும் படாமல் தீர்ப்புவரை போய்விடும். வேலையையும் அதிகாரத்தையும் கூட்டியவர்கள் கற்கும் நேரத்தை மட்டும் கூட்டவில்லை. இது சிக்கனம் அல்ல, அலட்சியம்.

ஆணைக்குக் காத்திராமல் ஆய்வகங்களே தொடங்கக்கூடியவை உண்டு. ஆம்டிஸும், போதைப்பொருள்களுக்கான ஸ்விக்டிரக் (SWGDRUG) லைப்ரரியும் இலவசம். சாதாரணக் கணினி போதும். முடிந்த வழக்குகளின் ரா டேட்டாவை வழக்கு அடையாளம் நீக்கிப் பயிற்சிக்குத் தரலாம். லைப்ரரியைத் திறக்குமுன் மூலக்கூறு அயனி, ஐசோடோப்பு விகிதம், நைட்ரஜன் விதி மூன்றையும் கையால் எழுதவைக்க வேண்டும். கழித்த ஸ்கேன் எண்களும் டிகான்வல்யூஷன் அமைப்புகளும் பணிக்குறிப்பில் இடம்பெற வேண்டும். இரண்டாம் ஆய்வாளர் முதலாமவரின் அச்சுத்தாளைப் பார்க்காமல், ரா டேட்டாவிலிருந்தே சரிபார்க்க வேண்டும்.