கற்பனை எண்ணைக் கண்ணால் பார்க்கலாம்!

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் போடுகிறோம். பரவளையம் எக்ஸ் அச்சைத் தொடும் இடம்தான் மூலம். தொடாவிட்டால் "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதி முழு மார்க் வாங்கிவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பிலோ அதே சமன்பாட்டுக்கு இரண்டு கலப்பெண் மூலங்கள் உண்டு என்கிறார்கள். அப்படியானால் அவை கிராஃபில் எங்கே? இன்ஜினியரிங் முடிக்கும் வரை நான் இதை யாரிடமும் கேட்கவில்லை. ஏ.சி. சர்க்கியூட் கணக்குகளில் கலப்பெண்களைப் போட்டு விடை எடுத்ததோடு சரி.

உண்மையில் அவை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. நாம் வரையும் தாளில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்² − 4எக்ஸ் + 5 என்பதை எடுத்துக்கொள்வோம். ஜியோஜீப்ரா போன்ற புரோகிராமில் டைப் செய்தால், பரவளையத்தின் அடிப்புள்ளி எக்ஸ் = 2-ல், அச்சுக்கு 1 அலகு மேலே நிற்கும். இனி எக்ஸுக்கு 2 + பிஐ என்று கொடுங்கள். ஐ என்பது −1-ன் வர்க்கமூலம். சுருக்கினால் வரும் விடை 1 − பி². ஐ காணாமல் போய்விட்டது! இது தலைகீழான இன்னொரு பரவளையம். அதே அடிப்புள்ளியில் தொடங்கி, ஸ்கிரீனுக்குச் செங்குத்தாக முன்னும் பின்னும் இறங்குகிறது. பி = 1, பி = −1 ஆகும்போது தரையைத் தொடுகிறது. மூலங்கள் 2 + ஐ, 2 − ஐ.

வீட்டில் எக்ஸெல் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏ-யின் மதிப்புகளை 0 முதல் 4 வரை 0.5 இடைவெளியில் கொடுங்கள். மேல் வரிசையில் பி-யின் மதிப்புகள் −2 முதல் 2 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏ² − பி² − 4ஏ + 5, 2ஏபி − 4பி ஆகிய இரண்டையும் கணக்கிட்டு, வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். மொத்தம் 81 கட்டங்கள். ஃபார்முலாவை ஒருமுறை எழுதிக் காப்பி செய்தால் போதும். பிறகு சர்ஃபேஸ் சார்ட் போடுங்கள். தரையைத் தொடும் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவைதான் மூலங்கள். அவற்றுக்கு நடுவே பி = 0 கோட்டின் மேல் ஓடும் வளைவுதான் பள்ளியில் நாம் வரைந்த பரவளையம்.

"கற்பனை" என்ற பெயரை 1637-ல் கொடுத்தவர் டெகார்ட். இந்த எண்களைத் தளத்தில் புள்ளிகளாகக் காட்டலாம் என்று 1797-லேயே வெஸல் விளக்கிவிட்டார். பெயர்தான் குழப்புகிறது, "பக்கவாட்டு" அலகு என்றிருந்தால் இவ்வளவு மர்மம் இருந்திருக்காது என்று 1831-ல் காஸ் சொன்னார். பெயர் மாறவில்லை, பயமும் போகவில்லை.

வகுப்பறைக்குக் கம்ப்யூட்டர் வந்தும், கரும்பலகையில் வரைந்த அதே தட்டையான படத்தை ஸ்கிரீனில் காட்டினால் என்ன லாபம்? பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இதைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "மூலம் எங்கே சார்?" என்று கேட்கும் மாணவனை உட்காரச் சொல்லாமல், அந்தச் சார்ட்டை ஒருமுறை திருப்பிக் காட்டினால் போதும்.