நாய்க்கும் குதிரைக்கும் உருவப்படமா?

சென்ற மாதம் நம் நண்பர்கள் கூடியிருந்தபோது ஒரு செய்தி பேச்சில் வந்தது. திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த சந்து ஒன்றில் குடியிருக்கும் நம் நண்பர், இறந்துபோன தம் நாய்க்கு ஓர் ஓவியம் வரைவிக்க விரும்பினார் என்பதே அது. கேட்டவர்களுள் சிலர் நகைத்தனர். "நாய்க்கு உருவப்படமா? வெள்ளைக்காரப் பிரபுக்களின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு?" என்றனர். நகைத்தவர்கள் நம்மவர்களே, நிறையப் படித்தவர்களே. அதனால்தான் இந்த மறுப்பை எழுத நேர்ந்தது.

வெள்ளைக்காரரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. செங்கம் சாலையில் நடந்து ஆசிரமத்துக்குள் நுழைந்தால் போதும். அங்கே ஒரு பசுவுக்கும் ஒரு மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஒரு நாய்க்கும் அருகருகே சமாதிகள் இருக்கின்றன. பசுவின் பெயர் லட்சுமி. 1926இல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்தாள். 1948 ஜூன் 18 அன்று மறைந்தாள். அவள் சமாதிக்கென ரமணரே தமிழில் ஒரு செய்யுள் எழுதினார். ஆண்டும் மாதமும் திதியும் நட்சத்திரமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. சமாதியின் மேல் அவளுடைய உருவமும் அமைக்கப்பட்டது. அங்கே இருப்பது பொதுப்பட 'ஒரு பசு' அன்று, லட்சுமி. உருவப்படம் என்பதன் முழுப் பொருளும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ரமணர் விலங்குகளை 'அது' என்று சொல்வதில்லை என்றும், நாய்களைப் 'பையன்கள்' என்றே குறிப்பிடுவார் என்றும் அவரோடு இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இலக்கண அறிவுடைய நம் நண்பர்கள் இதை வழு என்பார்களோ? நன்னூலார் இதற்கு முன்பே இடம் கொடுத்துவிட்டார். மகிழ்ச்சியினால் திணை மயங்குவது குற்றமன்று, வழுவமைதி என்றார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டே பசுவை அன்னையாகப் பாவித்து 'வந்தாள்' என்று சொல்வதுதான். அஃறிணையை உயர்திணையாக்கும் உரிமையை இலக்கணமே நமக்கு அளித்திருக்கிறது. சொல்லுக்கு உள்ள உரிமை வண்ணத்துக்கு இல்லையா?

"ஞானியின் பசு வேறு, வீட்டு நாய் வேறு" என்று ஒருவர் அடுத்துச் சொன்னார். அவரை நாம் எடுத்தனூருக்கு அழைக்கிறோம். அதுவும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான். செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிப் படித்தவர்கள் அப்பெயரை அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பிய கல் அது. எருமைக் கூட்டத்தைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அதில் நிற்கிறான். அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்து சொல்கிறது. கோவிவன் அரசனின் நாயுமன்று, தெய்வத்தின் வாகனமுமன்று. எருமை மேய்ந்த புலத்தில் ஒரு வீரனோடு திரிந்த நாய். அதன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். வெட்டிக் கொடுத்த கைகளும் இருந்தன. விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே நடுகல் இருக்கிறது. அது இதற்கும் முற்பட்டது. இனி யாரும் இதை இறக்குமதிச் சரக்கு என்று சொல்ல வேண்டாம்.

பிற இடங்களிலும் இப்பழக்கம் சிறந்துதான் இருந்தது. 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியை வரையும்படி ஜஹாங்கீர் தம் ஓவியர்களுக்கு ஆணையிட்டார். தாம் வளர்த்த மான் ஒன்றுக்கு ஷேக்குபுராவில் நினைவுத் தூணும் எழுப்பினார். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ், ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக 1762 அளவில் விசில்ஜாக்கெட் என்னும் குதிரையை வரைந்தார். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள திரையில் குதிரை மட்டுமே நிற்கிறது. மேலே வீரனில்லை, பின்னே நிலக்காட்சியில்லை. அந்த ஸ்டப்ஸ் அதற்கு முன்பே ஒரு பண்ணை வீட்டில் ஒன்றரை ஆண்டுக் காலம் இறந்த குதிரைகளை அறுத்து, தசை தசையாக வரைந்து கற்றவர். 'குதிரையின் உடற்கூறு' என்ற அவருடைய நூல் 1766இல் வெளிவந்தது.

குதிரை என்றதும் அருணாசல புராணத்து வச்சிராங்கத பாண்டியன் நினைவுக்கு வருகிறான். அவன் ஒரு புனுகுப் பூனையைத் துரத்திக் குதிரைமேல் மலையைச் சுற்றி வந்தான். பூனையும் குதிரையும் வீழ்ந்து, சாபம் நீங்கி வித்தியாதரர்களாக எழுந்தன. ஏறி வந்த அரசன் மட்டும் தரையில் கிடந்தான். கிரிவலப் பயன் கால்நோக நடந்தவர்களுக்கே என்று சொல்லும் கதை அது.

படைப்பிக்கும் முறைக்கோ அய்யனார் கோயில் புரவிகளைப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் புரவியெடுப்புக்கு முன் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுக்கிறார்கள். அந்தக் கைப்பிடி மண்தான் ஒப்பந்தம். வேளார் மணலும் உமியும் கலந்து களிமண் பிசைந்து, கால்களைத் தனியே எழுப்பி, உடலை அதன்மேல் வளர்த்து, காயவைத்துச் சூளையில் சுடுகிறார். அப்புரவி எந்தத் தனிக் குதிரையின் உருவமும் அன்று, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்றைச் செய்யச் சொல்வது எப்படி என்பதை அது கற்பிக்கிறது. கேட்பவனும் செய்பவனும் ஒருவரையொருவர் நேரில் காண்கிறார்கள். செய்பவனுக்குக் காலம் கொடுக்கப்படுகிறது, மரியாதையும் கொடுக்கப்படுகிறது.

இப்போது உண்மையான எதிராளியிடம் வருவோம். நகைத்த நண்பர்களை விட அவன் ஆபத்தானவன்.

நம் நண்பரின் நாய் தெருவில் பிறந்த நாட்டு நாய். பெயர் கறுப்பன். பௌர்ணமி தோறும் அவரோடு பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றியவன். குட்டியாயிருந்தபோது வேறொரு நாய் கடித்ததில் இடக்காது பாதி கிழிந்தவன். நண்பர் இணையத்தில் 'கையால் தீட்டித் தரப்படும்' என்ற விளம்பரத்தைக் கண்டு, ஒரே ஒரு புகைப்படத்தை அனுப்பிப் பணமும் கட்டினார். நான்காம் நாள் படம் வந்தது. திரைத்துணியில் அச்சிட்டு, மேலே ஒளியூடுருவும் பசையைத் தூரிகையால் தடவியிருந்தார்கள். கண்ணில் பளபளப்பு, மயிரில் மினுமினுப்பு. இரண்டு காதுகளும் முழுமையாக, அழகாக இருந்தன. கணினி கறுப்பனின் காதைச் சரிசெய்துவிட்டது! நண்பர் நம்மிடம் சொன்னது இவ்வளவே: "நல்ல நாய்தான். யாருடைய நாயென்றுதான் தெரியவில்லை."

கணினியில் படம் உருவாக்குவதை நாம் குற்றம் சொல்லவில்லை. கணினிப் படம் என்று சொல்லி விற்கட்டும், வேண்டியவர் வாங்கட்டும். கையால் தீட்டியது என்று சொல்லி விற்பது பொய். வாங்குபவன் துயரத்தில் இருக்கும்போது சொல்லப்படுவதால் அது இன்னும் இழிந்த பொய். பல்லாயிரம் நாய்ப்படங்களை விழுங்கிய நிரல், பெரும்பான்மை நாய்களுக்கு இரண்டு காதும் முழுமை என்று அறிந்திருக்கிறது. அந்தப் பெரும்பான்மையிலிருந்து விலகி நின்றதுதான் கறுப்பன் என்பதை அது எப்படி அறியும்?

"அப்படியானால் புகைப்படமே போதுமே" என்பார் சிலர். புகைப்படத்துக்கு நாம் பகைவரல்லோம். பாயும் குதிரை நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதாக ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜின் வரிசைப் படங்கள்தான் அந்தப் பிழையைத் திருத்தின. ஆனால் புகைப்படத்துக்கும் பிழை உண்டு. கைபேசியை நாயின் முகத்தருகே பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து விழும். கறுப்பு நாயின் உடலில் நிழலெல்லாம் ஒரே கரிப் பரப்பாகிவிடும். அதை அப்படியே ஒற்றி வரைபவர் ஒளிவில்லையின் பிழையைத் தான் வரைகிறார். எலும்பு எங்கே, தசை எங்கே என்று அறிந்த ஓவியர் அப்பிழையைக் களைந்து விலங்கை மீட்கிறார். ஸ்டப்ஸின் ஒன்றரை ஆண்டு அதற்காகத்தான்.

குற்றம் முழுவதும் விற்பவனுடையதும் அன்று. நான்கு நாளில் வேண்டும், மலிவாக வேண்டும், ஓவியர் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம் என்றால் நமக்குக் கிடைப்பது இதுதான். ஓர் உருவப்படம் வேண்டுபவர் ஒரு படத்தோடு நில்லாமல் பல கோணங்களில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கொடுக்க வேண்டும். விலங்கின் நடையை, பழக்கத்தை, வடுவைச் சொல்ல வேண்டும். முதலில் பென்சில் கோட்டோவியத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிழையிருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டு, காத்திருக்க வேண்டும். பிடிமண் கொடுத்த ஊரார் சூளை ஆறும்வரை காத்திருக்கவில்லையா?

நம் நண்பர் பிறகு உள்ளூரிலேயே ஓர் ஓவியரைத் தேடிப் போனார். மலையையும் ரமணரையும் வரைந்து பிழைப்பவர் அவர். நாயை வரைந்ததில்லை என்று முதலில் தயங்கினார். பின்பு உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவற்றுள் ஒன்று, "கூப்பிட்டால் எந்தக் காதைத் தூக்குவான்?" என்பது. 'தூக்குமா' என்று கேட்கவில்லை. 'தூக்குவானா' என்ற திணையிலேயே கேட்டார். படம் இன்னும் முடியவில்லை. கோட்டோவியத்தை நாம் பார்த்தோம். இடக்காது கிழிந்திருக்கிறது.