பாதி மலையில் திரும்பினால் குடியா முழுகிடும்?

நார்வே போகிறோம், பிள்ளைகளோடு எங்கே நடக்கலாம் என்று கேட்டு இந்த வருஷம் மட்டும் நான்கைந்து பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் ஒரே பட்டியல்தான். முதலில் ட்ரோல்துங்கா, அதாவது அந்தரத்தில் நாக்கு நீட்டின மாதிரி நிற்கும் பாறை. அடுத்தது பிரெய்கெஸ்டோலன், 604 மீட்டர் உயரத்தில் ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை. அப்புறம் "ஏதாவது ஒரு கிளேசியர் மேல ஏறணும்". எட்டு நாளைக்குள் இத்தனையும். கூட வருவது ஆறு வயசுப் பையன்!

இவர்களுக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். நார்வே மலையில் குடும்பத்தோடு நடப்பதில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் எப்படி ஏறுவது என்பதல்ல, எப்போது திரும்புவது என்பது.

ஒரு சின்ன முன்கதை. நான் தென்காசிப் பக்கம், பொட்டி தட்டுவது புனேயில். 2023-ல் ஆணி புடுங்கச் சொல்லி ஆபீஸில் மூன்று மாசம் ஸ்டாவாங்கருக்கு அனுப்பினார்கள். பள்ளி விடுமுறையில் தங்கமணியும் ஏழு வயசு மகளும் வந்து சேர்ந்தார்கள். வார இறுதிகளில் நடந்தோம். என் அனுபவம் அவ்வளவுதான், மலையேற்ற வீரன் எல்லாம் இல்லை :-)

அங்கே முதலில் கண்ணில் பட்டது மலை இல்லை, மலையைச் சுற்றி அவர்கள் கட்டி வைத்திருக்கும் ஏற்பாடுதான். 1957-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சாகுபடி இல்லாத நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்டி இரண்டு ராத்திரி வரை கூடாரம் போடலாம். 1868-ல் ஆரம்பித்த மலைநடைச் சங்கம் ஒன்று 20 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாதைகளைப் பராமரிக்கிறது. பாறைகளில் சிவப்புப் பெயின்டில் 'டி' என்று எழுதியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது. பாதைகளுக்கு நிறம் வைத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். பச்சை சுலபம், அப்புறம் நீலம், சிவப்பு, கடைசியில் கறுப்பு. அந்தச் சங்கத்துக்குக் குழந்தைகள் பிரிவு தனியாக உண்டு, அதன் சின்னம் ஒரு எறும்பு. பிரெய்கெஸ்டோலன் பாதையில் நாம் மிதித்து ஏறும் கற்படிகளில் பல, நேபாளத்திலிருந்து போன ஷெர்பாக்கள் அடுக்கிக் கட்டியவை.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்தது ஒரு சாக்லேட் உறை. 'க்விக் லுன்ஷ்' என்று 1937-லிருந்து விற்கும் சாக்லேட். நடைக்குப் போகிறவர்கள் பையில் இதுவும் ஒரு ஆரஞ்சுப் பழமும் இருக்கும். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்துபோக, அதற்கப்புறம் மலை விதிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள். அந்த விதிகளை இந்தச் சாக்லேட் உறையின் உள்பக்கத்திலும் அச்சடித்தார்கள். மொத்தம் ஒன்பது விதி, 2016-ல் திருத்தி எழுதினார்கள். அதில் எட்டாவது விதியின் சாரம் இதுதான்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் எதுவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாடே சேர்ந்து தன் பிள்ளைகளுக்கு மிட்டாய்க் காகிதத்தில் "திரும்பி வா, பரவாயில்லை" என்று சொல்லிக்கொடுக்கிறது. நாம் சொல்லிக்கொடுப்பது என்ன? "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான், ஏறு ஏறு!"

அந்த எட்டாவது விதிக்குத் தோதான இடம் ஒன்று சொல்கிறேன். ஹார்டாங்கர் ஃபியோர்டு பக்கம் கின்சார்விக் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து ஹூசெடாலன் பள்ளத்தாக்குக்குள் ஒரு பாதை போகிறது. ஒரே ஆறு, அடுத்தடுத்து நான்கு அருவிகள். ட்வெயிட்டாஃபோசன், நியாஸ்டோல்ஸ்ஃபோசன், நிக்கெசோய்ஃபோசன், சோட்டெஃபோசன். (ஃபோஸ் என்றால் அருவி. பெயரைச் சொல்லிப் பழகவே அரை நாள் ஆகும்.) நான்காவது வரை போய்வர பெரியவர்களுக்கே ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆனால் முதல் அருவி கிட்டத்திலேயே இருக்கிறது. அதற்கப்புறம்தான் பாறையும் வேருமாகச் செங்குத்தாக ஏறுகிறது.

ஜூன் மாசம் மேலே பனி உருகி ஆறு நிறைந்து ஓடும் நேரம். முதல் அருவியில் ஒரு உள்ளூர்க் குடும்பம், மூன்று பிள்ளைகள். பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் ஆரஞ்சும் சாப்பிட்டார்கள், அரை மணி நேரம் கல் பொறுக்கி விளையாடினார்கள், சந்தோஷமாகக் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அன்றைய நடை அங்கேயே முழுதாக முடிந்துவிட்டது. நாங்கள் இரண்டாவது வரை போனோம். மழை பிடித்துக்கொண்டது, பாறை வழுக்க ஆரம்பித்தது, மகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "போதுங்க, திரும்பிடலாம்" என்றார் தங்கமணி. திரும்பினோம். மூன்றாவதும் நான்காவதும் இன்னும் அங்கேயேதான் விழுந்துகொண்டிருக்கின்றன, எங்கும் ஓடிப்போகவில்லை. மகள் இன்றைக்கும் சொல்வது "நாம ரெண்டு அருவி பாத்தோம்" என்றுதான், "ரெண்டு பாக்கல" என்று ஒருநாளும் சொன்னதில்லை. விட்டுப்போனதைக் கணக்குப் பார்க்கும் வியாதி பெரியவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பனியாறு பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஃபோல்கெஃபோன்னா பனிப்பரப்புக்குக் கீழே போன்ட்ஹூஸ் ஏரி இருக்கிறது. சுண்டால் என்ற ஊரிலிருந்து ஒரு வழிக்கு இரண்டரை கிலோமீட்டர் சொச்சம், பெரிய ஏற்றம் இல்லாத பாதை. பனியாற்றிலிருந்து ஐஸ் வெட்டி ஃபியோர்டுக்குக் கொண்டுவந்து ஏற்றுமதி செய்வதற்காக 1863-ல் போட்ட வழி அது. ஐஸ் வண்டிக்காகப் போட்டதால் குழந்தைக் காலுக்கும் ஒத்துவருகிறது. ஏரிக்கரையில் உட்கார்ந்தால் எதிரே மலை இடுக்கில் பனியாறு தொங்கும். கிட்டே போகத் தேவையே இல்லை.

கிட்டே போவது ஏன் வேண்டாம் என்கிறேன்? பனியாறு சிலை மாதிரி நிற்கிற பொருள் இல்லை, மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பது. அதன் முகப்பில் வீடு பெரிசு கட்டிகள் முன்னறிவிப்பு இல்லாமல் உடைந்து விழும். 2014 ஆகஸ்டில் நிகார்ட்ஸ்ப்ரேன் பனியாற்றின் முகப்பில் ஐஸ் சரிந்து ஒரு ஜெர்மன் தம்பதி இறந்தார்கள். கூட வந்த இரண்டு பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. பனிமேல் நடந்தே தீர வேண்டும் என்றால் உள்ளூர் வழிகாட்டி, இடுப்பில் கயிறு, காலில் முள் பூண்ட இரும்பு, இத்தனையும் வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கமே நின்று பாருங்கள்.

ட்ரோல்துங்கா? ஷெக்கெடாலிலிருந்து போய்வர 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம். மேல் வாகன நிறுத்தத்தில் இடம் கிடைத்தால் 20 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கான இடம் இல்லை, அவ்வளவுதான். பிரெய்கெஸ்டோலன் போய்வர 8 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம், நடந்து பழகிய பிள்ளைகளுக்கு முடியும். ஆனால் உச்சியின் விளிம்பில் கம்பியோ தடுப்போ கிடையாது. பிள்ளையின் கையை விடவே மாட்டேன் என்பவர்கள் மட்டும் போகலாம்.

"அவங்க நாட்டுல 55 லட்சம் பேரு, நம்ம நாட்டுல 140 கோடி. அந்தச் சட்டம், பாதை எல்லாம் இங்க வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டம் வராமல் போகலாம், சிவப்பு 'டி' வர நாளாகலாம். ஆனால் அந்தச் சாக்லேட் உறை வாசகத்தைக் கொண்டுவர விசா தேவையில்லையே. சொல்லப்போனால் அது நமக்குப் புதுசும் இல்லை. குற்றாலம் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீஸ் எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிடும். தலையில் எண்ணெய் வழிய நிற்கும் ஆள்கூட முணுமுணுத்துக்கொண்டே கரையேறிவிடுவார். குளிக்காமல் திரும்பியதற்காக எங்கள் ஊரில் யாரும் கேலி செய்து நான் கேட்டதில்லை. "ஆர்ச் மேல தண்ணி" என்றால் அதுவே காரணம், வேறு விளக்கம் வேண்டாம்.

வெளியே போனால்தான் இந்தப் புத்தி மறந்துபோகிறது. புனேயில் மழை ஆரம்பித்தால் சனி ஞாயிறு சஹ்யாத்ரி மலையெல்லாம் ஜனம்தான். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் ஒரே குடும்பத்தில் ஐந்து பேரைக் கொண்டுபோனது, குழந்தைகள் உட்பட. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தண்ணீர் எப்போது ஏறும், எங்கே நிற்கலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை நம் ஜனங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை, எந்த மிட்டாய்க் காகிதமும் சொல்லவில்லை.

ஆகவே நார்வே போகிறவர்களே, இரண்டு மூன்று வேண்டுகோள். பலகையில் போட்டிருக்கும் நேரத்தைப் பிள்ளைகள் இருந்தால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும், மேற்குக் கரையில் மழை சொல்லிக்கொண்டு வராது. கிளம்பும் முன்பே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று பேசி வைத்துவிடுங்கள். அதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். திரும்பலாமா என்று கேட்கும் உரிமை குடும்பத்தில் ரொம்பச் சின்ன ஆளுக்கும் இருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மழைக்காலத்தில் லோனாவாலாவோ குற்றாலமோ போகும்போது அதே பிள்ளை "அப்பா, தண்ணி கலங்கலா வருது, போயிடலாம்" என்று சொன்னால் போதும். டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிட்டது என்று நான் சொல்வேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?