மலையுச்சிப் பாட்டு

கொரிய தேசத்துச் சோக கீதங்களின் மோகம் சேலம், நாமக்கல் சீமையின் கல்லூரிப் பெண்களையும் பிடித்துக்கொண்டுவிட்டது. ராசிபுரம் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, “பாஷையே புரியாத பாட்டுக்கு என்ன அழுகை?” என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். 1937-ல் ‘அம்பிகாபதி’யையும் 1950-ல் ‘மந்திரி குமாரி’யையும் இயக்கியவர் தமிழறியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் என்பது அவர்கள் நினைவுக்கு வராமற்போனது விந்தைதான்.

1998-ல் ஜோ சுங் மோ என்ற பாடகர், இறந்துபோன காதலியை நோக்கிப் பாடிய ‘டு ஹெவன்’ பாட்டை நானும் கேட்டேன். முணுமுணுப்பாகத் தொடங்கி, வயலின்கள் திரண்டெழ, மரணத்தாலும் அறுபடாத பிரேமையைத் தொண்டை கம்மப் பிரகடனம் செய்யும் சம்பிரதாயம் அது. உருக்கம் உண்டு, மறைபொருள் ஏதும் இல்லை.

நம் ஊர்ச் சரக்கு வேறு வகை. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று ஜவுளித் தொழில் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், சேலத்தில் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படந்தான் ‘மந்திரி குமாரி’. டங்கனோடு இயக்கத்திலும் அவர் பங்குகொண்டார். குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படத்தில், மனைவியைக் கொல்லத் துணிந்த கணவன், மலைச்சிகரத்துக்கு அவளை அழைத்துப் போகும்போது பாடுகிற பாட்டொன்று உண்டு. ஜி. ராமநாதனின் மெட்டில் திருச்சி லோகநாதன் அதைப் பாடும்போது குரலில் வஞ்சனையின் நிழல்கூட விழவில்லை. இளம் பிராயத்து ஜிக்கியின் குரலோ கள்ளங்கபடமின்றி அவனைப் பின்தொடர்ந்து மேலேறுகிறது. கதை அறியாதவன் வானொலியில் கேட்டால், ஜன்மாந்தரக் காதலர் இருவர் சுகமாகக் காற்று வாங்கப் போகிறார்கள் என்றே எண்ணுவான். உச்சியில் உண்மை வெளிப்பட்டதும், சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம்வர அனுமதி வேண்டுகிற அந்தப் பதிவிரதை, மூன்றாவது சுற்றில் அவன் முதுகுப் புறம் வந்ததும் அவனையே பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள்! காதலை நம்பி நடந்தவளும் அவளே, துரோகத்துக்குத் தண்டனை வழங்கியவளும் அவளே.

சோகத்தைக் குரலில் கொட்டுவது எளிது. இனிமையை மட்டும் கொட்டி, இருளைக் கதையின் பொறுப்பில் விட்டுவிட அபார துணிச்சல் வேண்டும். கொரியப் பாடகரின் கண்ணீரில் எனக்கு அவநம்பிக்கை இல்லை. ஆயினும் என் ஓட்டு ராமநாதனுக்கே. பஸ்ஸில் கண் கலங்கும் பெண்களுக்கு ஒரு விண்ணப்பம்: இந்த மலையுச்சிப் பாட்டைத் தனியாகக் கேட்காதீர்கள், படத்தோடு பாருங்கள்.