காரினுள் அமர்ந்திருப்போர் யார் பொறுப்பு?

திருவாரூர் தியாகராஜர் கோயிலை ஒட்டி நிற்கும் கல்தேரைக் கண்டவர்கள் பலர் இருப்பர். அரசகுமாரன் செலுத்திய தேரின் காலில் கன்று ஒன்று மடிந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் அதற்கு ஈடு செய்ய முற்பட்டதும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிய வரலாறு. தேரைச் செலுத்தியவன் மகன். பழியைத் தன்னுடையதாக ஏற்றவன் தந்தை. இன்றைய மோட்டார் வாகனச் சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மகனாயினும் சம்பள ஓட்டுநராயினும், இழப்பீடு தரும் பொறுப்பு ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளரையும் சேர்ந்தே வருகிறது.

இப்பொறுப்பைத் தனி மனிதர் தாங்க இயலாது என்பதால்தான் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தைப்பூசத்திற்குப் பழனி நோக்கி இரவில் சாலையோரம் நடந்து செல்லும் பாதயாத்திரை அடியார், எதிரே வரும் இருசக்கர வாகனத்தில் இருப்பவர், தேநீர்க் கடை வாசலில் நிற்பவர் ஆகிய இவர்களே அந்த மூன்றாம் நபர். இவர்களுடைய உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பொருட்சேதத்திற்கு மட்டும் கார்களுக்கு ரூ.7.5 லட்சம் என்ற எல்லை உண்டு. இத்தனைக்கும் பிரீமியம் பெரிதன்று. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ரூ.2,094, 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. வரி தனி. இதுவும் இன்றி வண்டி ஓட்டினால் முதல் முறை ரூ.2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தவறவிடுவதில்லை. அவர்கள் கவனியாதது வேறொன்று. அந்த ‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லுக்குள் தம் காரினுள் அமர்ந்திருப்பவர்கள் வருகிறார்களா என்பதே அது.

பத்தாண்டு ஓடிய ஒரு காரை வைத்திருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாலிசி புதுப்பிக்கும் வேளையில் ஏஜெண்ட் சொல்கிறார்: “பழைய வண்டிதானே சார், ஃபுல் இன்சூரன்ஸ் எதற்கு? தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், சில ஆயிரம் மிச்சம்.” காரின் மதிப்பே ஒன்றரை லட்சம் என்று எண்ணும் குடும்பத் தலைவருக்கு அது நியாயமாகவே படுகிறது. அடுத்த மாதம் நவக்கிரகத் தலங்களுக்குப் புறப்படுகிறார்கள். மகன் ஓட்டுகிறான், பின்னிருக்கையில் அம்மா, மனைவி, ஊரிலிருந்து வந்த அத்தை. விடியற்காலையில் மகன் சற்றே கண்ணயர, கார் புளியமரத்தில் மோதுகிறது. எதிரே வேறு வண்டி எதுவும் இல்லை.

வேறொரு வாகனத்தின் மீது தவறு இருந்திருந்தால் அந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும். இங்கே தவறு சொந்தக் காரின் மேல். சட்டம் கட்டாயமாக்கும் காப்பீடு மட்டும் உள்ள சொந்தக் காரில் பயணம் செய்பவர் அப்பாலிசியின்படி மூன்றாம் நபர் ஆகார் என்பதே உச்ச நீதிமன்றம் எடுத்துள்ள நிலை. ‘பேக்கேஜ்’ அல்லது ‘காம்ப்ரிஹென்ஸிவ்’ எனப்படும் முழுப் பாலிசி இருந்தால் பயணிப்போரும் பாதுகாப்புக்குள் வருவர் என்று 2009-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விடுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆகவே, அந்த அத்தைக்கு நேர்ந்த காயத்திற்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் உரிமையாளரே தம் கையிலிருந்து கட்ட நேரிடலாம். சேமிப்பில் இல்லையெனில் வீடு ஜப்திக்கு வரும். வழக்குத் தொடுப்பவர்கள் அத்தையின் பிள்ளைகளாகவே இருப்பர் என்பது பணத்தினும் பெரிய துயரம். இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமரும் மனைவிக்கும் மகளுக்கும் இதே கணக்குத்தான்.

முழுப் பாலிசியைப் பலரும் வண்டியின் தகரத்திற்கான செலவாகவே மதிப்பிடுகின்றனர். காரின் மதிப்பு குறையக் குறைய அது வீண் என்று தோன்றுவதும் அதனால்தான். காரினுள் ஏறுவோரின் உயிர் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்வதில்லையே! உரிமையாளர் தமக்கென எடுக்கும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு அவருக்கு மட்டுமே உரியது. அவருடைய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியில் இருந்தால்தான் அதுவும் கிடைக்கும். மகன் ஓட்டினால் மகனுக்கு அது பொருந்தாது. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைச் சிறு தொகை கூடுதலாகக் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் அதன் உச்சவரம்பு ஒருவருக்கு ரூ.2 லட்சம்.

இன்னொரு வழக்கமும் கவலைக்குரியது. வாடகை குறைவு என்பதற்காகத் தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரைப் பேசிக்கொண்டு தலயாத்திரை செல்வோர் உண்டு. தனியார் கார் பாலிசியில் ‘வாடகைக்கோ ஊதியத்திற்கோ பயன்படுத்தலாகாது’ என்ற நிபந்தனை தெளிவாக இருக்கிறது. பணம் கைமாறியது தெரிந்தால் நிறுவனம் அதைக் காட்டியே மறுக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடினாலும் மஞ்சள் போர்டு வண்டியே ஏற்றது.

சிக்கனத்திற்கு வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. முதலாவது ‘நோ கிளெய்ம் போனஸ்’. ஓராண்டு இழப்பீடு கோராதிருந்தால் சொந்த வாகனச் சேதத்திற்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி; தொடர்ந்து 25, 35, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் ஆகிறது. பம்பரில் ஒரு கீறல் விழுந்தவுடன் கிளெய்ம் போடுவது இந்த ஏணியின் உச்சியிலிருந்து கீழே குதிப்பதாகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொந்தச் சேதத்திற்கான முழுப் பிரீமியம் ரூ.8,000 என்றும், அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். உச்சத் தள்ளுபடி பெறுபவர் ரூ.4,000 கட்டுகிறார். கிளெய்ம் போட்டபின் அடுத்த புதுப்பித்தலில் ரூ.8,000, பின்னர் முறையே ரூ.6,400, ரூ.6,000, ரூ.5,200, ரூ.4,400. பழைய நிலைக்கு மீளும் வரை அவர் அதிகமாகக் கட்டியது ரூ.10,000. பெற்றதோ, ரூ.4,000 பழுதுபார்ப்புச் செலவில் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக ரூ.3,000. பிளாஸ்டிக் பாகமாயின் பாதி தேய்மானமாகவும் கழியும்.

சிறு சேதங்களை நாமே ஏற்போம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ‘வாலண்டரி டிடக்டபிள்’ முறையிலும் பிரீமியம் குறையும். நிதானமாக ஓட்டும் குடும்பத்திற்கு இது பொருந்தும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் ‘டிராஃபிக் ஸ்கூல்’ என்ற பேச்சு அடிபடுவதுண்டு. கலிஃபோர்னியாவில் வேகமாகச் சென்று அபராதச் சீட்டு வாங்கியவர், தகுதியிருந்தால், 18 மாதத்திற்கு ஒருமுறை இணைய வழியிலேயே சாலைப் பாடம் படித்துத் தேறலாம். அந்தக் குற்றப் பதிவு காப்பீட்டு நிறுவனத்தின் பார்வைக்குப் போகாது, பிரீமியமும் அதனால் ஏறாது. அங்கே ஓட்டுநரின் நடத்தை பிரீமியத்தில் தெரிகிறது. இங்கே தள்ளுபடியின் ஏணி கிளெய்மை மட்டுமே பார்க்கிறது. சிவப்பு விளக்கை மதியாதவருக்கும் 50 சதவீதம் கிடைக்கும். இது சரியன்று. வண்டி ஓடும் தூரம், ஓட்டும் விதம் ஆகியவற்றைப் பொறுத்துப் பிரீமியம் அமையும் கூடுதல் வசதிகளுக்கு 2022-இல் ஆணையம் அனுமதி அளித்தது மட்டுமே இதுவரை கண்ட சிறு நகர்வு. மாதம் இருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் காருக்கு, ஓடும் தூரத்தைப் பொறுத்த வசதியை நிறுவனத்திடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பாலிசி கைக்கு வந்தவுடன் முதல் பக்கத்து அட்டவணையைப் படிக்க வேண்டும். ‘லையபிலிட்டி ஒன்லி’ என்றிருந்தால் அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. ‘பேக்கேஜ்’ என்றிருந்தால் முழுப் பாலிசி. முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைப்பது அவசியம். காலாவதியாகி 90 நாள் கடந்தால் சேர்த்துவைத்த போனஸ் முழுவதும் போய்விடும். போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் சான்றிதழ் கேட்டு வாங்கினால், மூன்றாண்டுக்குள் வாங்கும் புதிய காருக்கு அதனைப் பயன்படுத்தலாம். வேறு நிறுவனத்திற்கு மாறினாலும் அது கூடவே வரும்.