மூலமென்று மூடி வைக்கலாமா?

மலத்துடன் குருதி போனால் அதை வெளியே சொல்ல நாணுவோர் நம்மிடையே பலர். "மூலச் சூடு" என்று தாமே பெயரிட்டு, மோரும் வெந்தயமும் உண்டு நாட்களைக் கடத்துவர். எவருக்கும் தகாத பழக்கம் இது. ஈரல் நோயாளருக்கோ உயிருக்கே கேடாக முடியலாம்.

ஈரல் நெடுங்காலம் நலிவுற்று, தழும்பேறி இறுகிப்போகும் நிலையைச் 'சிரோசிஸ்' என்பர். பிரெஞ்சு வைத்தியர் லெனெக் 1819 ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். மது மாத்திரமே இதற்குக் காரணமென்று எண்ணலாகாது. ஈரலழற்சியை உண்டாக்கும் வைரசுகளும், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் ஈரற் கொழுப்பும் மதுவைத் தொடாதவரையும் இந்நிலைக்கு ஆளாக்கக் கூடும்.

குடலிலிருந்து குருதியை ஈரலுக்குக் கொண்டு செல்வது வாயினாளம். ஈரல் இறுகியபின் அவ்வழி நெருக்கமாகிவிடுகிறது. அடைபட்ட வாய்க்காலின் நீர் பக்கவழி தேடுவதுபோல, தேங்கிய குருதியும் வேறு வழி தேடுகிறது. அதனால் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் நேர்குடலிலும் உள்ள மெல்லிய நாளங்கள் புடைக்கின்றன. நேர்குடலிற் புடைத்த நாளம் பார்வைக்கு மூலம்போற் தோன்றினும் மூலமன்று. மூலமென்று கருதி அதனை வெட்டினால் பெருங்கேடு விளையும்.

மேலே உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ பெருகும் குருதியும் கீழ்வழியே வருவதுண்டு. பெரும்பாலும் அது தார்போற் கறுத்திருக்கும். விரைந்து பெருகினாற் சிவந்தே வரும். ஆதலால் வைத்தியர் கீழ்க்குடலை மட்டுமன்றி, வேண்டியபோது மேற்பகுதியையும் உள்நோக்குக் குழாயாற் சோதிப்பர்.

குருதி போனால் நிறைய ஏற்றுவதுதானே என்று உறவினர் பதறுவது இயல்பு. ஆனால், அளவு மிஞ்சினால் வாயினாளத்தின் அழுத்தம் உயர்ந்து, நின்ற பெருக்கு மீளவும் தொடங்கலாம். பார்சலோனாவில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று இரைப்பைப் பக்கத்துக் குருதிப்பெருக்கை ஆராய்ந்தது. ஈமோகுளோபின் 9 கிராமுக்குக் குறைந்ததும் குருதி ஏற்றப்பட்டவர்களைவிட, 7 கிராமுக்குக் குறைந்த பின்னரே ஏற்றப்பட்டவர்களுள் உயிர் பிழைத்தோர் அதிகம் என்று அது காட்டியது. கீழ்க்குடற் பெருக்கிலும், நோயாளி அதிர்ச்சி நிலையில் இல்லாதவிடத்து, வைத்தியர் பெரும்பாலும் இச்சிக்கனத்தையே கைக்கொள்வர். புடைத்த நாளமே காரணமெனக் கண்டால், அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தும், தொற்றைத் தடுக்கும் நுண்ணுயிர்கொல்லியும் கொடுத்து, அந்நாளத்தைக் கட்டுவர் அல்லது அடைப்பர்.

ஆபத்து இத்துடன் முடிவதில்லை. குடலிலே தங்கும் குருதியிலிருந்து அமோனியா உண்டாகிறது. நலிந்த ஈரலால் அதனை அகற்ற இயலாதபோது மூளை மயங்குகிறது. அதைத் தடுக்கவே லக்டுலோஸ் பாகு கொடுத்து மலத்தைக் கழியச் செய்வர். ஆகவே, பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சிலே தடுமாற்றம் என்பவற்றைக் கண்டால் வீட்டார் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஈரல் நோயாளர் உள்ள வீட்டார் மூன்றை மறவாதிருப்பாராக. மலத்திற் குருதியோ கருமையோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண விடாதீர்கள். நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வைத்தியரிடம் சொல்ல நாணி உயிரை இழப்பது அறிவுடைமையாகாது.