ஆங்கில மடலில் மரியாதை

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது இலக்கணப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் சிவப்பு மையால் கோடிடுகிறோம். பிழை ஏதுமற்ற ஒரு வாக்கியம் படிப்பவர் மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்குறையை நாம் உடனே களைதல் வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே அமைந்துள்ளது. ‘தா’ என்பதும் ‘தாருங்கள்’ என்பதும் ஒன்றல்ல என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆங்கில வினைக்கு இத்தகைய விகுதி இல்லை. முற்காலத்தில் ஆங்கிலேயரும் நெருங்கியோரைத் ‘தௌ’ என்றும், மதிப்பிற்குரியோரை ‘யூ’ என்றும் விளித்தனர். 17-ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுவழக்கில் அருகிப்போகவே, ‘யூ’ ஒன்றே அனைவர்க்கும் உரியதாயிற்று.

எனவே, ‘இரண்டு நாள் விடுமுறை தாருங்கள்’ என்று பணிவோடு எண்ணும் மாணவன், அதனைக் ‘கிவ் மி டூ டேஸ் லீவ்’ என்று எழுதும்போது, மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது; ‘தா’ மட்டுமே எஞ்சுகிறது. வேண்டுகோள் கட்டளையாகிறது. ஆங்கிலத்தில் பணிவைத் தனிச் சொற்களால் காட்டுதல் வேண்டும். ‘மே ஐ பிளீஸ் ஹேவ் டூ டேஸ் லீவ்’ என்பதே தக்கது. அவ்வாறே, ‘ஐ வாண்ட்’ என்பதினும் ‘ஐ வுட் லைக்’ என்பது இனியது.

பணிவென்று கருதிப் பெரிய சொற்களைத் தேடி அலைவதும் தவறே. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் கலந்தன. அதனால், தொடங்குதலைக் குறிக்கப் ‘பிகின்’ என்னும் வீட்டுச் சொல்லும் ‘கமென்ஸ்’ என்னும் அவைச் சொல்லும் அம்மொழியில் உள்ளன. விழா அழைப்பிதழுக்குக் ‘கமென்ஸ்’ பொருந்தும். திடலில் மழை தொடங்கியதைச் சொல்லப் ‘பிகின்’ போதும். விளையாட்டுத் தோழனிடம், ‘அமுதுண்டனையோ?’ என்று வினவினால் அவன் சிரிக்கமாட்டானா?

ஒத்த சொற்களிடையேயும் உணர்ச்சி வேறுபடும். மெலிந்தவரை ‘ஸ்லிம்’ என்றால் மகிழ்வார். ‘ஸ்கின்னி’ என்றால் முகம் வாடுவார். இத்தகைய வேற்றுமையை அகராதியால் மட்டும் உணர இயலாது. நல்ல நூல்களை இடைவிடாது வாசித்தல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் பயின்றால் ஆங்கிலம் வராது என்று அஞ்சும் பெற்றோரும் உளர். ‘நீ’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்னும் மூன்றையும் இடமறிந்து வழங்கும் பிள்ளை, சொல்லின் தொனியை முன்னரே கற்றுவிட்டது. அவ்வறிவை ஆங்கிலத்திற்கும் இட்டுச் செல்வது ஆசிரியர்தம் கடமை. தாய்மொழி இதற்குத் தடையன்று, ஏணியே ஆகும்.

நாளை நம் பிள்ளைகள் தனியார் நிறுவனங்களில் வேலை கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க நேரும். தோட்டத்தில் அனைவரும் அறிந்த அவர்தம் நற்குணம் அம்மடலுடன் செல்வதில்லை. முன்பின் அறியாத ஒருவர், எழுதிய சொற்களைக் கொண்டே அவர்களை எடைபோடுவார்.

மாணவச் செல்வங்களே! எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள். பெற்றோர்களே! ஆங்கிலம் அறியாவிடினும் கவலை வேண்டா. ‘இது யாருக்கு எழுதியது? அவரிடம் இப்படிக் கேட்கலாமா?’ என்று பிள்ளையை வினவுங்கள். அவ்வினாவே அதனைச் சற்று நின்று எண்ணச் செய்யும்.